எடுப்பீங்களா, மாட்டீங்களா?

கடகடகடவென்று மேலே ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

லிஃப்ட்காரர் மேலே நிமிர்ந்து பார்த்தார். அது மூன்றாம் மாடியில் அவர் மனைவியின் தையல் மெஷின். நூல் அறுந்து நின்றால் பின்னாலேயே "ச்சே" என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. அப்படியானால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது அவள் காதுக்கு எட்டிவிட்டது.

ஊரில் இருக்கிற லிஃப்டுகளுக்கெல்லாம் ராத்திரி முழுக்க எண்ணெய் போட்டு, கம்பி வடம் பார்த்து, விடிந்ததும் வீடு திரும்புகிறவர் அவர். அந்த மகாராஜன் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டிடம். நெஞ்சுக்குள் யாரோ ஸ்பேனரைப் போட்டுத் திருகினார்கள். திருகட்டும். திருகிக் களைத்துப்போய் அவன் முதலில் நிறுத்துகிறானா, நான் முதலில் உட்காருகிறேனா, பார்த்துவிடலாம் என்று வீம்பாக நின்றார். ஸ்பேனர் ஓய்ந்தது. மிச்சப் படிகளைச் செருப்புச் சத்தம் ஓங்க ஏறினார்.

வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏன் நின்னீங்க?"

"செருப்புக் கயிறு அவிழ்ந்துடுச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். "ரப்பர் செருப்புக்கு ஏதுங்க கயிறு?"

"அதைத்தான் தேடிக்கிட்டு நின்னேன்."

"விளையாடாதீங்க. டாக்டர்கிட்டக் காட்டிடலாம்."

"முடியாது!" பையை வீசி எறிந்தார். "இது என் நெஞ்சு. காட்டாத வரைக்கும் இதுல ஒரு கோளாறும் கிடையாது. காட்டிட்டா அன்னையிலேருந்து நான் நோயாளி. பழுதுன்னு போர்டு மாட்டின லிஃப்டுல எவனாவது ஏறுவானா? என்னை மட்டும் எவன் வேலைக்கு ஏத்துவான்?"

அவள் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்துபோனதும், நான்கு பேர் தூக்கித் திரும்பி வந்ததும் இருவருக்கும் தெரியும். அதைப் பேசுவதில்லை.

"அதோட, செலவு?" என்றார், குரலை இறக்கி.

"நம்மகிட்ட அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கே."

"எவன் எடுக்கிறான் அதை? சும்மா அட்டை அட்டைன்னு நீயும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு..."

"ஒட்டினாத்தானே ரத்தம் ஓடுதா இல்லையான்னு தெரியும்? மருந்துக்கடை மாடியில புதுசா ஒரு இருதய டாக்டர் வந்திருக்காராம். போன் போட்டுக் கேளுங்க."

"கேக்கிறேன். நம்ம ஊர்ல அட்டையை எடுக்கிற இருதய டாக்டர் ஒருத்தர் இருந்தாலும் சரி, மறுபேச்சுப் பேசாம வர்றேன். இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

உள்ளே சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

பொய் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஆகவே அந்த இருதய டாக்டரின் இடத்துக்கே போன் போட்டு, மிக நேர்மையாக ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, உங்க ஆஸ்பத்திரியில பல்லு எடுப்பீங்களா?"

எதிர்முனையில் ஒரு பெண் திகைத்தாள். "என்ன சார்?"

அவ்வளவுதான். ஸ்பீக்கரை அழுத்தினார், கதவைத் திறந்தார், வீட்டுக்குள் ஓடிவந்தார். "எடுப்பீங்களா, மாட்டீங்களா? சத்தமாச் சொல்லுங்க, வீட்டுல கேக்கணும்!"

"நாங்க எடுக்கிறதில்லை சார்!"

"எப்பவுமே?"

"எப்பவுமே எடுக்கிறதில்லை சார்!"

போனை வைத்தார். முகத்தில் சோகத்தை வரவழைக்கப் பெரும்பாடு பட்டார். "கேட்டியா? ஏழைன்னா இளப்பம். நாடு எங்க உருப்படும்?"

அவள் பால்கனிக் கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தையலுக்குப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று லிஃப்ட்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றம். வேலை முடிந்து வந்தவர் வெற்றிவீரனைப் போலக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அந்த வாரம் முழுக்க அவள் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. அவர் இரண்டாம் மாடியில் நிற்பார், மெஷின் நிற்கும். அவர் ஏறுவார், மெஷின் ஓடும். அவ்வளவுதான்.

ஒருநாள் காலை அவர் படுக்கையில் சாய்ந்த கையோடு மெஷின் சத்தம் நின்றது. அவர் எங்கேயும் ஏறவில்லையே, பிறகு ஏன் நிற்கிறது?

"ஏங்க..." மெல்லிய குரல். "நெஞ்சு ஒரேயடியாப் படபடங்குது."

லிஃப்ட்காரர் எழுந்த வேகத்தில் தலையணை சுவரில் போய் மோதியது. சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டினார். ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் அவள் செருப்பு.

"கிளம்பு! டாக்டர்கிட்டப் போகலாம்!"

"எங்க போறது? அட்டையை எடுக்கிற டாக்டர்தான் நம்ம ஊர்லயே இல்லையே."

"இருக்கான்!"

"எங்க?"

லிஃப்ட்காரர் பெட்டியிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்தார். "மருந்துக்கடை மாடியில. அவர் எடுப்பார்னு அங்க போய்ட்டு வந்த எங்க சூப்பர்வைசர் அன்னைக்கே சொன்னார்."

"அவங்கதான் எப்பவுமே எடுக்கிறதில்லைன்னாங்களே. என் காதால கேட்டேனே."

"அது வேற கேள்வி! நீ வா!"

படியில் அவளைத் தூக்கிக்கொள்ளப் பார்த்தார். "உங்களை யாரு தூக்குறது?" என்று கையைத் தட்டிவிட்டு முன்னால் இறங்கினாள். மருந்துக்கடை மாடிக்கு அவள் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். இவர்தான் பாதியில் நின்று, இல்லாத கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தார்.

"அம்மா... இந்த அட்டை... எடுப்பீங்கதானே?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட்டை எடுப்போம் சார். பல்லுதான் எடுக்கிறதில்லை."

லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்தே நீங்க சொல்லி வச்ச மாதிரி டாக்டர் காத்திருக்கார். உள்ள போங்க" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் அறையில் மனைவியை முக்காலியில் உட்காரவைக்க அவர் பார்த்தார். அவள் உட்காரவில்லை.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார் டாக்டர்.

"இவளுக்கு. நெஞ்சு படபடங்குதாம்."

"எப்பம்மா படபடக்குது?"

"இவர் படியேறும்போது டாக்டர்."

"நீங்க ஏறும்போதா?"

"இல்லைங்க, இவர் ஏறும்போது. ரெண்டாம் மாடியில செருப்புச் சத்தம் நின்னுடும். எனக்குப் படபடங்கும். மறுபடி சத்தம் கேட்டாத்தான் எனக்கு உயிர் வரும்." அவரைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னாள். "நேத்து ரொம்ப நேரம் கேக்கலை டாக்டர்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, முக்காலியை லிஃப்ட்காரர் பக்கம் தள்ளினார். "சட்டையைக் கழட்டுங்க. உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கீங்க, எப்படியும் கழட்டித்தான் ஆகணும்."

மார்பில் உறிஞ்சுக் குமிழ்களை அட்டைகளைப் போல ஒட்டவைத்தார்கள். இயந்திரம் கோடு போட்டது. டாக்டர் கோட்டைப் படித்தார்.

"ரத்தக் குழாயில அடைப்பு இருக்கும்போலத் தெரியுது. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பரிசோதனை பண்ணணும். எல்லாம் உங்க அட்டையிலயே ஆயிடும். பயப்படாதீங்க, ஆனா இனிமே தள்ளிப்போடக் கூடாது. கொஞ்ச நாளைக்கு ராத்திரி வேலை வேண்டாம்."

"ஆக, போர்டு மாட்டிட்டீங்க" என்றார் லிஃப்ட்காரர், முறைப்பாக.

டாக்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. "போர்டு மாட்டினாத்தாங்க ரிப்பேர்காரன் வருவான். நீங்களே எத்தனை லிஃப்ட்டை ஓட வச்சிருக்கீங்க!"

லிஃப்ட்காரர் விறுக்கென்று சட்டையை எடுத்து மாட்டினார். மறுபடியும் உள்பக்கம் வெளியே தெரிய.

திரும்பி வரும்போது இரண்டாம் மாடியில் அவர் நின்றார். அவளும் நின்றாள். இருவரும் கைப்பிடியைப் பிடித்தபடி, மூச்சு சீராகும்வரை நின்றார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கு ரோஷம் திரும்பியது.

"இருந்தாலும் நீ என்கிட்டப் பொய் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனது தப்பு."

"எங்கங்க பொய் சொன்னேன்? படபடங்குதுன்னேன், படபடத்துச்சு." அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். "நீங்க கேள்வியை மாத்துனீங்க. நான் நோயாளியை மாத்துனேன்."

லிஃப்ட்காரர் மெஷினைப் பார்த்தார். ஊசியில் நூல் இல்லை. அவளுக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லாததால் தினமும் நூல் கோத்துக் கொடுப்பது அவர் வேலை. நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஊசிக் காதில் நுழைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

கடகடகடவென்று மெஷின் ஓடத் தொடங்கியது.