முட்டி மடங்காத அப்பாவுக்கு ஒரு கார்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஓடுகிற வண்டிகளில் பாதியை வாங்கச் சொன்னவரும் அவர்தான், மீதியை வாங்காதே என்று தடுத்தவரும் அவர்தான். சில சமயம் இரண்டும் ஒரே வண்டியாக இருக்கும்.

பெயர் ரிவர்ஸ். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். எங்கள் திருக்கழுக்குன்றத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு காலத்தில் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஷிப்ட் கேப் ஓட்டினார். இப்போது தண்ணீர் கேன் லோடு வண்டி. பழைய கார் வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்த்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்டுவார், ஆனால் பின்பக்கமாக மட்டும்.

"முன்னாடி போம்போது எல்லாம் நல்ல வண்டிதாம்பா. பின்னாடி போவ சொல்லு, அப்பதான் அது மனசுல இன்னா கீதுன்னு தெரியும்."

கடைத்தெருவில் ஒரு கார் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறது, பூக்காரம்மா கூடையோடு ஒதுங்குகிறாள், பஸ் டிரைவர் யாருக்கு வழி விடுவதென்று புரியாமல் விழிக்கிறார் என்றால், அன்றைக்கு யாரோ கார் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் இறங்கி, சக்கரத்துக்கு மேலே உட்பக்கம் விரலைத் தேய்த்து நாக்கில் வைப்பார்.

"உப்பு. கோவளம் பக்கம் நின்ன வண்டி." மறுபடி ஒரு நக்கு. "இல்ல, மாபலிபுரம். கடல் காத்து தின்னுட்ச்சி. அடியெல்லாம் அப்பளம். வோணாம்."

எங்கள் எதிர்வீட்டுக்காரர் புதுக் காருக்குக் கோயில் வாசலில் பூஜை போட்டார். நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம். கார் ஏறி நகர்ந்ததும், ரிவர்ஸ் நசுங்கிய பழங்களைப் பொறுக்கி வரிசையாக வைத்து ஜோசியர் மாதிரி குனிந்தார். "மூணு எலுமிச்சம்பயம் நெட்டுக்கு நசுங்கிகீது. பின்னாடி லெஃப்ட் மட்டும் கோணிகினு போயிட்ச்சி. அலைன்மென்ட் அவுட்டு அண்ணாத்த." மனுஷர் பிரசாதம்கூட வாங்காமல், மாலை போட்ட காரோடு நேராக அலைன்மென்ட் கடைக்கு ஓடினார். அங்கே ஒரு குறையும் இல்லை என்றார்கள். "அப்ப பயம்தான் சரியில்ல" என்றார் ரிவர்ஸ், கொஞ்சமும் கூசாமல்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் மாட்டினேன்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டியில் ஆபரேஷன். கட்டைப் பிரித்தால் வலது கால் மடங்க மறுத்தது. "வாரம் மூணு நாள் இங்க வந்து எக்ஸர்சைஸ் பண்ணணும். விட்டுட்டீங்கன்னா முட்டி இப்படியே நின்னுடும்" என்று செங்கல்பட்டு பிசியோதெரபி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏற்றினால் அப்பாவின் கால் ரயில்வே கைகாட்டி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு கார் வேண்டும், உடனே.

"டீசல் எடு. நூறு வருசம் உழைக்கும்" என்றார் ரிவர்ஸ் திங்கட்கிழமை. புதன்கிழமை, "டீசலா? எந்த மடையன் சொன்னான்? செங்கல்பட்டு போய் வர்றதுக்கு டீசலா? பெட்ரோல் எடு."

"நீங்கதான் அண்ணாத்த சொன்னீங்க."

"நான் சொன்னா? உனுக்கு புத்தி எங்க போச்சி?"

பேட்டரி கார் பார்த்தேன். "சத்தமே போடாம வர்ற வண்டியையும் சொந்தக்காரனையும் நம்பாத." ஏழு சீட்டர் பார்த்தேன். "வூட்ல கீறது நாலு பேரு. மிச்ச சீட்டுல கல்யாணத்துக்குப் போற ஊரே ஏறும்." கடைசியில் ஒருநாள், "பேசாம லோடு வண்டி எடு, அப்பாவ நீட்டா படுக்க வெச்சிகினு போலாம்" என்றார்.

உள்ளேயிருந்து அப்பா கத்தினார். "டேய், நான் இன்னா சிமெண்ட் மூட்டையா?"

தூங்கும்போதுகூட என் தலைக்குள் கார்கள் முன்னும் பின்னும் போய்வந்தன. எது மைலேஜ், எது மெயின்டனன்ஸ், எது வானம், எது கடல் என்றே தெரியாத ஒரு மயக்கம். இதற்குள் ஐந்து முறை பிசியோதெரபிக்குப் போகவில்லை. அப்பாவின் கால் பலகையாகிக்கொண்டிருந்தது. ஒருநாள் வெடித்துவிட்டேன்.

"உங்க பேச்சக் கேட்டுக் கேட்டே அப்பா காலு போயிடும்போல இருக்கு. இனிமே எனக்கு எதுவும் சொல்லாதீங்க!"

அவர் தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள், நான் ஏற்கெனவே கார் பார்த்துவிட்டு நம்பர் கொடுத்து வந்திருந்த, கேளம்பாக்கத்தில் பழைய கார் விற்கிற பாய் போன் செய்தார்.

"சார், அந்தத் தண்ணி கேன் ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா? மூணு நாளா வந்துகினே கீறாரு. வலது கால் மடங்காம பிவிசி பைப்ப கட்டிகினு, ஒவ்வொரு வண்டியா ஏர்றாரு, எறங்குறாரு. வர்ற கஸ்டமரெல்லாம் பேஜாராயி ஓடுறாங்கோ. கொஞ்சம் வந்து இட்டுகினு போங்க."

போனேன். வெந்தய நிறத்தில், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்காத ஒரு பழைய காரின் முன்சீட்டில், பைப்புக் காலை நீட்டியபடி சாய்ந்திருந்தார். பெருவிரலுக்கு முன்னால் இன்னும் நான்கு விரல் இடம் இருந்தது. கணுக்காலில் கயிறு அறுத்த சிவப்புக் கோடுகள்.

"இதுதாம்பா. சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி போவுது. கதவு நல்லா விரியுது. அப்பா ஒக்காந்து திரும்புனா போதும்."

"பின்னாடி ஓட்டிப் பாத்தீங்களா?"

"மறந்தே பூட்டேன்பா."

வாங்கிவிட்டேன். மறுநாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறாமல் அப்பாவைக் கூட்டிப்போனேன். ஐந்து மாதத்தில் முட்டி மடங்கியது. அப்பா சப்பணம் போட்டுச் சோறு தின்னும் அளவுக்கு. அதைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் சொன்னார்: "காலு சரியாயிட்ச்சில்ல? அப்ப இந்த டப்பாவ வித்துடு. சஸ்பென்ஷன் சரியில்ல."

வாராவாரம் வந்து சொல்கிறார். ஒருமுறை கிளட்ச், ஒருமுறை பிரேக், ஒருமுறை நிறம். எது நல்ல கார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவர் வந்து குறை சொல்லாத வாரத்தில்தான், வண்டியில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது.