புகை போட்ட புத்தகங்கள்

உலகத்திலேயே புத்தகத்துக்குப் புகை போட்ட ஒரே மனிதர், கொடைக்கானலில் நான் மாத வாடகைக்குத் தங்கியிருந்த லாட்ஜின் பூண்டு மேனேஜர்தான்.

சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். மேல்மலையில் பூண்டு விவசாயக் குடும்பம். அங்கே பனியில் பூண்டு கெட்டுப்போகாமல் இருக்க, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். டூரிஸ்டுகள் அறையில் விட்டுப்போகும் இங்கிலீஷ் நாவல்களுக்கும் மேனேஜர் அதே வைத்தியம்தான் பார்த்தார். லாட்ஜ் சமையல்கட்டில், விறகடுப்புக்கு மேலே கயிற்றில் கொலைக்கதைகள் ஊசலாடும். ஒன்றை இரவல் வாங்கினால் நாலு நாளைக்கு நம் தலையணையில் பூண்டு ரசம் மணக்கும்.

"பூஞ்சை புடிச்ச கதைக்குப் புகை புடிச்ச கதை தேவலைடா" என்பார்.

2009 வாக்கில் அவர் தம்பி அமெரிக்காவிலிருந்து மின்புத்தகக் கருவி ஒன்றோடு வந்து இறங்கினார். "அண்ணே, இதுக்குள்ள நூறு புத்தகம் கெடக்கு."

மேனேஜர் அதை வாங்கி முகர்ந்தார். "ஒண்ணோட வாசமும் வரலையே. மேல டீ கிளாஸ் வெக்கலாமா? ஈ அடிக்கலாமா?"

தம்பி பொத்தானை அமுக்கி எழுத்தைப் பெரிசாக்கினார். மேனேஜர் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "எழுத்தைக் கண்ணால பார்த்து ஒரு வருஷமாச்சு" என்றார். சர்க்கரையில் கண் மங்கி, ஒரு வருஷமாக அவர் சும்மாதான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் கருவியும் கையுமாகவே அலைந்தார். ரூம் சாவி கேட்டால்கூட, "இருங்க, செத்தவன் யாருன்னே இன்னும் தெரியல" என்று விருந்தாளியை நிறுத்திவைப்பார்.

"என்னங்க, கட்சி மாறிட்டீங்க?" என்றேன்.

"ஏலே, எழுத்து ஒவ்வொண்ணும் கத்திரிக்கா தண்டி தெரியுது. மாறாம?"

ஐப்பசி மழை பிடித்தது. சுவரெல்லாம் ஈரம். கண்ணான கருவியில் பூஞ்சை ஏறிவிடக் கூடாதே என்று மனிதர் அதைத் துணிப்பையில் போட்டு, அடுப்புக்கு ரொம்பக் கிட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். விடிந்து பார்த்தால் பொரித்த அப்பளமாக வளைந்து கிடந்தது.

லாட்ஜே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

"பாதிக் கதைடா. கொன்னவன் யாருன்னு இனி எப்படித் தெரிஞ்சுக்குவேன்?" என்றார் மேனேஜர். அவர் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே மதுரைக்கு இறங்கி, பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, அதே கதையைக் காகிதத்தில் வாங்கிவந்தேன். தினம் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், அவர் விட்ட இடத்திலிருந்து வாசித்துக் காட்டினேன்.

"வெரசா வாசிடா, அடுத்து என்ன?" என்று அதட்டுவார்.

நான் மெதுவாகத்தான் வாசித்தேன். கதை முடிந்துவிட்டால், அவர் பக்கத்தில் உட்கார எனக்கு வேறு சாக்கு இருக்கவில்லை.