ஒரு கல்லூரியும் பன்னிரண்டு ஜாடி மண்ணும்

லியாவ் ஆசான் வருகிறார் என்றதும் எங்கள் கல்லூரியில் புல்லைக்கூட வெட்டிவிட்டார்கள். மூன்று வருடமாக நாங்கள் கெஞ்சியும் வெட்டாத புல். பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வாசலில் முண்டியடித்தார்கள். தைவானின் தென்கோடியில், மீன் குளங்களுக்கு நடுவே கிடக்கும் எங்கள் கல்லூரி இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துப் பல காலம் ஆகிறது. மாணவர் சேர்க்கைக்கு வந்த கூட்டமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆசான் யார் என்கிறீர்களா? காற்றும் நீரும் போகிற போக்கைப் பார்த்து, கதவை மாற்று, கட்டிலைத் திருப்பு என்று சொல்கிறவர். முன்பு வீடுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் பிள்ளைகள் குறைந்து கல்லூரிகள் காற்று வாங்கத் தொடங்கியதும் கல்லூரிகளுக்குச் சொல்ல வந்துவிட்டார். கெட்டிக்காரர். பயம் எங்கே இருக்கிறதோ அங்கே கடை போடத் தெரிந்தவர்.

எங்கள் பயம் இதுதான். கல்லூரியின் பலம் எது, இனி வளர்க்க வேண்டிய துறை எது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. மாணவர்களைக் கேட்கலாம். படித்துவிட்டுப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். எங்கள் முதல்வர் வெய் தெங்-ஷாங் இரண்டையும் செய்யாமல் ஆசானுக்குப் போன் போட்டார். பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் அது பாட்டுக்குச் சுவரில் தொங்குகிறது.

ஆசானின் முறை எளிது. பன்னிரண்டு துறைகளில் ஒவ்வொன்றும் தன் இடத்து மண்ணை ஒரு கண்ணாடி ஜாடியில் நிரப்பி, துறையின் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதன் கழுத்தில் கட்டித் தர வேண்டும். அந்த மண்ணின் மூச்சை அவர் கேட்பார். மூச்சு இருந்தால் அந்தத் துறை கல்லூரியின் பலம். மூச்சு இல்லையென்றால் மூடுவிழா.

செயற்கை நுண்ணறிவுத் துறை நான்காவது மாடியில் இருக்கிறது. நான்கு ஆகாத எண் என்பதால் மின்தூக்கியில் அதை ஐந்து என்று எழுதியிருக்கிறோம். எங்கள் நுண்ணறிவு அவ்வளவுதான். மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? அந்தத் துறையின் தலைவர் குவோ, கடையில் பூந்தொட்டி மண் வாங்கி ஜாடியை நிரப்பினார்.

முந்தின நாள் விருந்தில் நானும் இருந்தேன். வரலாறு சொல்லித்தருகிறவனை எந்த விருந்திலும் கடைசி நாற்காலியில் உட்காரவைப்பார்கள், அங்கிருந்து எல்லாம் நன்றாகக் கேட்கும்.

"மீன் குளத்தையெல்லாம் மூடிட்டு, அங்க செயற்கை நுண்ணறிவுக் கோபுரம் ஒண்ணு கட்டணும்னு ஆசை ஆசானே" என்றார் முதல்வர்.

"மண்ணு என்ன சொல்லுதோ அதான்" என்றார் ஆசான். அவர் அப்போது ருசித்துக்கொண்டிருந்தது அதே குளத்து மீன்.

மறுநாள் காலையில் மீன் வளர்ப்புத் துறையின் கோ ஷூ-ஃபென்னிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாடம் எடுக்கிறவர். அவரிடம் படித்த பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போகக் குளக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். துறையை மூடினால் அவர் வேலை போகும். பாதிப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

"அக்கா, பேசாம வேற நல்ல மண்ணாப் பாத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"எங்க மண்ணுக்கு என்னடா கொறச்சல்? மீனுக்குப் பிடிச்சிருக்கு, இவருக்குப் பிடிக்கணுமா?" என்றவர் சற்று யோசித்தார். "நீ மத்தியானம் தூங்குவியா?"

"எல்லாரும்தான் தூங்குவாங்க."

"இன்னைக்கு நீ தூங்காத."

சாப்பாட்டுக்குப் பின் எங்கள் கல்லூரி விளக்கை அணைத்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்துவிடும். முதல்வர் முதல் காவலாளி வரை அந்த நேரத்தில் யாரும் இந்த உலகத்தில் இல்லை. ஆசானும் கண்களில் கறுப்புத் துணி கட்டிச் சாய்ந்துவிட்டார். மண்ணின் மூச்சு அவருக்குக் கேட்டதோ என்னவோ, அவர் மூச்சு எங்களுக்கு மூன்று அறை தள்ளிக் கேட்டது. ஜாடிகளை வரிசையாக வைத்திருந்த அரங்கின் வாசலில் நான் காவல் நின்றேன். ஷூ-ஃபென் அக்கா உள்ளே போய் இரண்டே இரண்டு ஜாடிகளின் அட்டைகளை மாற்றிக் கட்டிவிட்டு வந்தார்.

மணி அடித்தது. ஊதுபத்தி புகைந்தது. அரங்கு நிரம்பி வழிந்தது. ஆசான் ஜாடி ஜாடியாகக் காது வைத்தார். மீன் வளர்ப்பு என்ற அட்டை தொங்கிய ஜாடிக்கு வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த மண்ணு. கல்லூரியையே உள்ள இழுக்குது. இத விட்டா எல்லாரும் முழுகிடுவீங்க."

கூட்டம் 'உச்' கொட்டியது. அடுத்து, செயற்கை நுண்ணறிவு என்ற அட்டை தொங்கிய ஜாடி. அரங்கின் சூட்டில் அதிலிருந்த கறுப்புச் சேறு குமிழி விட்டது.

"பாத்தீங்களா? டிராகன் மூச்சு விடுது. இதுதான் உங்க பலம்."

குவோ எழுந்து குனிந்து வணங்கினார். நம் மண் இவ்வளவு கறுப்பாகவா இருந்தது என்று முதலில் அவர் முழித்ததை நான் பார்த்தேன். பாராட்டு வந்ததும் முழிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது முன்வரிசையில் ஒரு மாணவி, "ஆசானே, டிராகனுக்குக் கொம்பு முளைச்சிருக்கு" என்றாள்.

குளத்து நத்தை ஒன்று சேற்றைத் தள்ளிக்கொண்டு ஜாடியின் விளிம்பில் ஏறி நின்றது.

ஷூ-ஃபென் அக்கா எழுந்தார். "குவோ, மனசத் தொட்டுச் சொல்லுங்க. இது உங்க மண்ணா?"

குவோ நெளிந்தார். "இல்ல டீச்சர். எங்களோடது கடையில வாங்குனது. வெள்ளை வெள்ளையா உருண்டை கெடக்கும்."

எல்லாக் கண்களும் 'செத்த மண்' ஜாடிக்குப் போயின. உள்ளே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்.

"மத்தியானம் அட்டைய மாத்திக் கட்டுனது நான்தான் சார்" என்றார் அக்கா முதல்வரிடம். "இவரு மண்ணக் கேக்கல. அட்டையப் படிச்சாரு."

"ஏமாத்துறவங்க நடுவுல மண்ணு பேசாது" என்றார் ஆசான்.

"இவ்வளவு நேரம் பேசுச்சே. சரி, எல்லா அட்டையையும் கழட்டி, ஜாடியக் காகிதத்துல சுத்தி, இடம் மாத்தி வைக்கிறேன். நீங்க காதாலதான கேக்குறீங்க? எதுல மூச்சு இருக்குன்னு இன்னொரு தரம் சொல்லுங்க. அதே ஜாடியச் சொன்னீங்கன்னா, குளத்த நானே மூடிடறேன்."

ஆசான் தன் திசைகாட்டியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று காணிக்கைப் பணம் வைத்த சிவப்பு உறையை மறக்காமல் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, கதவைத் திறந்தார். அது துடைப்பம் வைக்கும் அறை. ஊருக்கெல்லாம் வாசல் எந்தப் பக்கம் என்று சொன்னவருக்கு எங்கள் அரங்கின் வாசல் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஊதுபத்தி அணைந்திருக்கும்.

முதல்வரின் முகம் பாவமாக இருந்தது. "அப்ப நம்ம பலம் என்னன்னு எப்பிடித்தான் தெரிஞ்சுக்கறது?"

"நேத்து ராத்திரி சாப்பிட்ட மீன் யாரு வளத்ததுன்னு கேட்டிருந்தாலே போதுமே சார்" என்றார் அக்கா.

மறுநாள் முதல்வர் முழங்கால் வரை ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு முதல்முறையாகக் குளத்தில் இறங்கினார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். குவோவும் பின்னாலேயே வந்து, குளத்து நீரில் காற்று குறைந்தால் கூப்பிடும் கருவி ஒன்று செய்யலாமா என்று கேட்டார். துறை பிழைத்தது. மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்ததில் மீன் முதல் வரியில் இருந்தது.

அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து முதல்வருக்கு ஒரு போன். அவர்களும் தங்கள் பலத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாம், ஆசானின் எண் வேண்டுமாம். அன்று வாசலில் முண்டியடித்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்கள்தான்.

அந்த நத்தை இப்போது மீன் துறையின் தொட்டியில் சுகமாக இருக்கிறது. பிள்ளைகள் அதை ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மறுப்பில்லை. அன்று அந்த அரங்கில், அடைத்து வைத்த இடத்திலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும் என்று முதலில் தோன்றியது அதற்குத்தான். முதுகில் ஓட்டைச் சுமக்கிற பிராணிக்குத் தோன்றியது, கழுத்துக்கு மேல் தலையைச் சுமக்கிற நமக்கு எப்போது தோன்றும்?