கம்ப்யூட்டருக்குக் குற்றாலக் குளியல்

சாரல் சீசனில் வருகிற கூட்டமெல்லாம் அருவிக்குத்தான் வருகிறது என்று நினைப்பவர்கள், இந்த ஆண்டு ஐந்தருவி சாலையில் அந்த லாட்ஜ் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த உடம்பு, இடுப்பில் ஈரத்துண்டு, தோளில் சிபியூ என்று ஒருவர் நிற்கிறார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து நாலு பில்லிங் கம்ப்யூட்டர்கள் தக்காளிக் கூடைகளோடு டெம்போவில் வந்து இறங்குகின்றன. ஒரு பெரியவர் பழைய மானிட்டரைப் பேரப்பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார்.

உள்ளே இருப்பவர் சாமியார் இல்லை. 'அலைவரிசை வல்லுநர்' உமாசங்கர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. குற்றாலச் சாரலில் இருக்கிற நெகட்டிவ் அயனியைச் செப்புத் தகட்டில் பிடித்து வைத்திருக்கிறாராம். கிழட்டுக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டினால் குதிரையாய்ப் பாயுமாம். தகடு ஆயிரத்து ஐநூறுதான். புதுசு வாங்க வக்கில்லாதவனுக்கு இது கொள்ளை மலிவு அல்லவா!

அந்த ஏமாளிக் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் சிரிப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். வரிசையில் பதினேழாவது ஆள் நான்.

பெயர் வல்லிநாயகம். வடகரையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் செயலாளர் வேறு. வட்டத்தில் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் துபாயில். எலுமிச்சம்பழம் கட்டிய லாரியைக் கண்டால் நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்கிறவன் நான். உமாசங்கர் சாமி பேரைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். படுபாவி, விஞ்ஞானம் என்றான். விழுந்துவிட்டேன்.

போன வாரமே தகடு வாங்கி ஒட்டியாயிற்று. வேகம் கூடவில்லை, இருந்ததும் போயிற்று. ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை வர இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று. உமாசங்கருக்குப் போன் போட்டேன்.

"தகடு இப்பதான் உறிஞ்சுது சார். ஆழ் அலை குடுத்தா சரியாயிரும். மிஷினக் கொண்டாங்க" என்றார். அதற்குத் தனியாக ரெண்டாயிரம். தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சைதூன் பீவியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவள் மகள் மாஜிதாவுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியல் பதிய அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. சான்றிதழ், பாஸ்வேர்டு எல்லாம் என் கம்ப்யூட்டர் வயிற்றுக்குள். காலையிலிருந்து மூன்று தடவை பக்கம் பாதியில் நின்றுவிட்டது. வேறு கடைக்குப் போகிறேன் என்றவளை, "நானிருக்கேன்லா" என்று தடுத்த மகானும் நானே.

"அவ வாப்பா கத்தார்ல வெயில்ல வேகுதாரு. எம்மவ ரெண்டு வருசமாப் படிச்ச படிப்பு அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கு. நானும் வருதேன் அண்ணாச்சி" என்றாள்.

லாட்ஜில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் வாங்கிய தேதி, முதன்முதலாக ஸ்விட்ச் போட்ட நேரம், எந்தத் திசை பார்த்து இருக்கிறது? ஜாதகத்துக்கு வேறு என்ன வேண்டும்? எனக்கு உறைக்கவில்லை. 'ஆகா, டேட்டா சேகரிக்கிறார்' என்று மெச்சி, காலை பத்து இருபது என்று எழுதினேன்.

சைதூன் பீவி இதற்குள் சிபியூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காத்து போற ஓட்டை மேலயா தகட்ட ஒட்டியிருக்கீய? மூக்கப் பொத்துனா எதுதான் மூச்சு விடும்?"

"அது குவாண்டம்மா. ஒனக்குப் புரியாது" என்றேன். எனக்கும் புரியாது என்பதைச் சொல்லவில்லை. படிவத்தில் மிச்சத்தை நிரப்பக் குனிந்துகொண்டேன்.

எங்கள் முறை வந்தது. உமாசங்கர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குத் திரும்பினார்.

"ஏன் தம்பி, வேல செய்யுதது தகடுதான? எங்க முன்னாடி வச்சே செய்யுங்களேன்" என்றாள் அவள்.

"வெளிச்சம் பட்டா அயனி செத்துரும்மா."

கூட்டம் அவளை முறைத்தது. நானும் கூடச் சேர்ந்து முறைத்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து சிபியூ வெளியே வந்தது. மானிட்டரில் மாட்டினார், ஸ்விட்சைப் போட்டார். நாற்பது விநாடியில் திரை பளிச்சென்று வந்தது. ஒரே கைதட்டல். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தியளா, தகட்டோட பவர!" என்றார் உமாசங்கர்.

"எந்தத் தகடு தம்பி?"

சைதூன் பீவி கைப்பையைத் திறந்து செப்புத் தகட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "அண்ணாச்சி எழுதிட்டிருந்தப்பவே உரிச்சிட்டேன். இவ்வளவு நேரமும் எம் பையில நூல்கண்டு கூடத்தான் கெடந்துச்சு. நூல்கண்டு ஒண்ணும் வேகமா ஓடலியே!"

எல்லோரும் சிபியூவைப் பார்த்தார்கள். தகடு இருந்த இடத்தில் பசைத் தடம்தான் இருந்தது. உள்ளே கொண்டுபோன உமாசங்கர் அதைக் கவனிக்கவே இல்லை. பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி போய் உள் அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரு மானிட்டர், ஸ்க்ரூ டிரைவர், பெயிண்ட் பிரஷ், காற்றடிக்கிற ப்ளோயர், மூலையில் தூசிக் குவியல்.

"என்னவே பண்ணுனீரு இங்கன?"

"தூசி தட்டினேன். ஸ்விட்ச் போட்டதும் தானா ஓடுத இருவத்திரெண்டு வேண்டாத புரோகிராம நிப்பாட்டினேன்."

"இத மொதல்லயே சொல்லித் தொலச்சா என்ன?"

உமாசங்கருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சொன்னேன் அண்ணாச்சி! போன வருசம் தென்காசியில இதே வேலைக்கு இருநூறு ரூவான்னு போர்டு வச்சேன். நூறுக்குச் செய்வியான்னு கேட்டுட்டுப் போனீய. அயனின்னு சொன்னேன், வரிசையில நிக்கீய!"

நூறுக்குக் கேட்டுவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். இப்போதுதான் அந்த முகம் ஞாபகம் வந்தது.

"தையல் மிஷினு இறுகுனா பஞ்ச எடுத்துட்டு ரெண்டு சொட்டு எண்ண விடுவோம். இதுக்குப் போயி தகடா!" என்று சைதூன் பீவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பணத்தைத் திருப்பி வாங்கும் தள்ளுமுள்ளில் நாங்கள் நிற்கவில்லை. மணி மூன்றரை. ஆட்டோ பிடித்து வடகரைக்கு வந்து, மாஜிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாலு நாற்பதுக்குப் பட்டியலைப் பதிந்தோம். அச்செடுத்த தாளைக் கையில் வாங்கியதும் பிள்ளை அழுதுவிட்டது.

"இருவது நிமிசம் அண்ணாச்சி" என்றாள் சைதூன் பீவி. "இன்னும் இருவது நிமிசம் போயிருந்தா எம்மவளுக்கு ஒரு வருசம் போயிருக்கும்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தகட்டை மேசை மேல் வைத்தாள். "ஒங்க வட்டத்துல மாட்டி வைங்க."

மாட்டி வைத்திருக்கிறேன். புரட்டுக்காரன் காவி கட்டித்தான் வருவான் என்று காத்திருக்காதீர்கள். இஸ்திரி போட்ட சட்டையிலும் வருவான். பெட்டி மெதுவாக ஓடினால் முதலில் அதன் மூடியைக் கழற்றுங்கள். அடுத்து, மண்டையின் மூடியை. என்னுடையதைக் கழற்றினேன், தூசி ஒரு படி தேறியது.