நகல் ஒழிப்புக் குழுவின் மகத்தான வெற்றி

வள்ளியம்மை இவ்வுலகில் கடைசியாகச் செய்த காரியம் ஒரு நிர்வாகச் சீர்கேடு. ஏற்கெனவே இருபத்திரண்டு நகல்கள் இருந்த ஒரு கோப்புக்கு அவள் இருபத்து மூன்றாவதாக ஒரு நகல் எடுத்தாள். எந்தக் குழுவின் அனுமதியும் இல்லாமல், காலை பதினொன்றே காலுக்கு, ஈரத் தலையோடு.

"பேக்கப் ஓடிக்கிட்டிருக்கு. நான் எந்திரிச்சா பாதியில நின்னாலும் நின்னுரும். சாம்பார எறக்கி வைங்க, அடி புடிச்சிரப் போவுது" என்றாள்.

அவள் புருஷன் துரைக்கண்ணு சாம்பாரை இறக்கி வைத்தார். கொல்லைப் பக்கம் போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் 'காப்புப் பிரதி வெற்றிகரமாக எடுக்கப்பட்டது' என்று வந்திருந்தது. வள்ளியம்மை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். காப்பாற்றப்பட்டது கோப்பு மட்டும்தான்.

ஒரு வம்சத்துக்கு ஒரே ஒரு மூலக்கோப்புதான் இருக்க முடியும் என்பது ஒரு மாபெரும் உண்மை. காவிரிக் கரையில் எத்தனையோ வம்சங்கள் இது தெரியாமலே தழைத்து, பெருகி, பங்கு பிரித்து, பேச்சுவார்த்தை நின்று, மறைந்திருக்கின்றன. திருவையாற்றுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரின் பங்காளிகள்தான் அதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். வள்ளியம்மையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கண்டுபிடித்தார்கள். முன்னேற்றம் துக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

விஷயம் இதுதான். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற வள்ளியம்மை, வம்சாவளி மென்பொருள் ஒன்றை வாங்கிக் கணினியில் ஏற்றினாள். கல்யாண வீடு, கருமாதி வீடு, திருக்கடையூரில் யார் யாருக்கோ நடந்த அறுபதாம் கல்யாணம் என்று போன இடமெல்லாம் விசாரித்து, புருஷன் வீட்டு வகையறாவில் ஆயிரத்து நூற்று நாற்பது பேரைத் திரட்டினாள். ஒன்பது வருட வேலை. அதைக் குலதெய்வக் கோவில் கும்பாபிஷேகத்தன்று புத்தகமாக வெளியிடுவது என்று பங்காளிகள் முடிவு செய்திருந்தார்கள். இப்போது அவள் இல்லை. கோப்போ இருபத்து மூன்று இருந்தன. 'குடும்பம்', 'குடும்பம் புதியது', 'குடும்பம் புதியது சரியானது', 'குடும்பம் கடைசி', 'குடும்பம் கடைசிக்கும் கடைசி' என்று பெயர் வைத்திருந்தாள். 'சூர்யா கை வைப்பதற்கு முன்' என்ற பெயரில் மட்டும் ஒன்பது.

அவற்றுள் ஒரு 'கடுமையான முரண்பாடு' இருப்பதாகவும் தெரியவந்தது. சில கோப்புகளில் துரைக்கண்ணு – வள்ளியம்மைக்கு ஒரு மகள். சிலவற்றில் இரண்டு.

இரண்டு ஏன் என்பது துரைக்கண்ணுவுக்குத் தெரியும். ஒன்று எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை. அச்சாகிற கோப்பில் இரண்டு இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவருடைய கவலை. அதைக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று ஏழு பென் டிரைவையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

'மூலக்கோப்பு நிர்ணயம் மற்றும் நகல் ஒழிப்புக் குழு' கலியபெருமாள் வீட்டுக் கூடத்தில் கூடியது. கலியபெருமாள் துரைக்கண்ணுவுக்குப் பெரியப்பா மகன், குழுவின் தலைவர், பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் முத்திரை குத்தியே முதுகு வளைந்தவர். உறுப்பினர்கள் ஏழு பேர், எல்லாரும் ஆண்கள். பெண்கள் பிறப்பால் வேறொரு கோப்பைச் சேர்ந்தவர்கள் என்பதால், நடுநிலை கருதி அவர்களைச் சமையலறையில் வைத்திருந்தார்கள். கலியபெருமாளின் மகன் சூர்யபிரகாஷ் சென்னையில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் மேலாளர். லீவு போட்டுவிட்டு வந்து மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்தான்.

"அசல்னு ஒண்ணு இருந்தாத்தான் நகல். இருபத்து மூணும் நகல்னா அசல் எங்க?" என்று தொடங்கினார் கலியபெருமாள்.

"வள்ளியம்மை மண்டையிலதான் இருந்துச்சு" என்றார் ஒருவர்.

"அது இப்பக் கெடைக்காது. மேல போ."

சூர்யபிரகாஷ் பொத்தானை அழுத்தினான். மென்பொருள் மூன்று நிமிடம் யோசித்து, 'இரட்டிப்பு எனச் சந்தேகிக்கப்படும் நபர்கள்: 214' என்றது. சபை அதிர்ந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைத்தே வந்ததால், இருநூறு வருடத்தில் அந்த வகையறா செலவழித்த பெயர்கள் மொத்தமே ஒரு இருபது இருக்கும். தங்கையன்கள் மட்டும் பதினோரு பேர். சூர்யபிரகாஷ் பதினோரு பேரையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்து இணைத்தான். ஒரே தங்கையன் திரையில் எழுந்தருளினார். பிறப்பு 1811, இறப்பு 1974, மனைவியர் ஒன்பது.

"நூத்தி அறுவத்து மூணு வயசா இருந்தாரு?"

"அந்தக் காலத்துச் சாப்பாடு அப்புடி. அறுவதாங் கல்யாணமே ரெண்டு தடவ பண்ணியிருப்பாரு."

"தனக்குத் தானே தாத்தாவா வர்றாரே அண்ணே?"

"வரட்டுமே. சொத்து வெளிய போவல பாரு" என்றார் கலியபெருமாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஏற்கெனவே இறந்திருந்த பத்துப் பேர் அன்று மாலை நாலரை மணிக்கு மறுபடியும் இறந்தார்கள். டீ வந்தது. வாய்க்காலில் தன் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்துவிட்டதென்று ஓர் உறுப்பினர் எழுந்து போனார். போகும்போது, தன்னை யாரோடும் இணைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நூற்றுத் தொண்ணூறாவது சந்தேகம் வந்தது.

"தர்மாம்பாள், அப்பா துரைக்கண்ணு, அம்மா வள்ளியம்மை. தர்மாம்பாள், அப்பா துரைக்கண்ணு, அம்மா வள்ளியம்மை" என்று வாசித்தான் சூர்யபிரகாஷ். "தொண்ணூத்தொம்பது பர்சன்ட் மேட்ச் சித்தப்பா. இவ்ளோ சுத்தமான டூப்ளிகேட்ட நான் பார்த்ததே இல்ல."

"அது டூப்ளிகேட் இல்லப்பா. ரெண்டு பேரு" என்றார் துரைக்கண்ணு. "மூத்தவ பதினோரு மாசம் இருந்தா. எங்கம்மா பேரு வச்சோம். போயிட்டா. அடுத்ததும் பொண்ணு. வீட்டுல அம்மா பேரச் சொல்ல ஒருத்தி வேணும்ல? அதனால அவளுக்கும் அதே பேரு."

"பிறப்புச் சான்று இருக்கா?" என்றார் கலியபெருமாள்.

"வீட்டுலதான பொறந்துச்சு."

"இறப்புப் பதிவு?"

"பதினோரு மாசப் புள்ளைக்கு அப்பல்லாம் யாருண்ணே பதிஞ்சா?"

"போட்டோ?"

"எடுக்கல."

கலியபெருமாளின் முகம் மலர்ந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி வில்லங்கமே இல்லாத ஓர் ஆளை அவர் கண்டதில்லை.

பஜ்ஜித் தட்டோடு வந்த அவர் மனைவி பிரகதீஸ்வரி நின்றுவிட்டாள். "ஏங்க, நான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச புள்ளைங்க அது."

"நீ கமிட்டி மெம்பரா?"

"இல்ல."

"அப்பத் தட்ட வச்சிட்டுப் போ."

தட்டு வைக்கப்பட்டது. கொஞ்சம் ஓங்கியே வைக்கப்பட்டது. அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

"சித்தப்பா, உண்மையச் சொல்றேன்" என்றான் சூர்யபிரகாஷ். "சித்தி இந்த ஒரு என்ட்ரிக்காக என்னய என்ன பாடு படுத்துச்சு தெரியுமா? ஆன்லைன்ல இருந்த பொதுக் கோப்ப நான் சென்னையில உக்காந்து சுத்தம் பண்ணுவேன். ராவு பகலா முந்நூறு திருத்தம் போட்டிருப்பேன். மறுநாள் பார்த்தா சித்தி பழைய பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிவச்சிருக்கும். என் வேலை மொத்தமும் போயிரும். போன் பண்ணிக் கேட்டா, 'புள்ளையக் காணும் தம்பி, அதான் திருப்பிப் போட்டேன்'னு சொல்லும். ஒம்போது தடவ!"

சபை சிரித்தது. துரைக்கண்ணு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். 'ஒரே குப்பைய எத்தன எடத்துல சேத்து வைப்பே' என்று வீட்டில் அவளைக் கேட்டவர் அவர். ஒவ்வொரு முறையும் கேட்டார். அவள் பதில் சொன்னதில்லை. தன் கேலிக்குப் பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுன்னு இருந்தா இருந்துட்டுப் போவட்டும்ணே. ஒரு வரிதான?"

"ஒரு வரிதான். ஆனா எவன் சொன்னது ஒண்ணுன்னு?" கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். "நீதானய்யா சொன்ன. சின்னவளுக்குப் பேரு வச்ச அன்னிக்கு வள்ளியம்மை மூலையில உக்காந்து அழுவுது. நீ சபைக்கு நடுவுல, 'அவளேதான் திரும்பி வந்துட்டா, இனிமே அந்தப் பேச்ச எடுக்காத'ன்னு சொன்னியா இல்லியா? நானும் இருந்தேன்ல?"

சொன்னார்தான். ஆறுதலாகத்தான் சொன்னார். அதன்பிறகு நாற்பது வருடம் வள்ளியம்மை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆறுதல் வேலை செய்கிறது என்று அவர் நினைத்திருந்தார்.

'ஆட்சேபம் இல்லை' என்று குறித்துக்கொள்ளப்பட்டது. இரண்டு பிறந்த தேதிகளில் எதை வைப்பது என்று மென்பொருள் கேட்டது. முந்தைய பத்திரம்தான் செல்லும் என்ற விதிப்படி மூத்தவளின் தேதி வைக்கப்பட்டது. இறந்த தேதியை வைக்கவா என்று கேட்டது. "கும்பாபிஷேக மலர்ல சாவு எதுக்கு? எடுத்துரு" என்றார் தலைவர். இவ்வாறாக, மஸ்கட்டில் கணக்கராக இருக்கும் இளைய தர்மாம்பாள் ஒரு மாலைப் பொழுதில் மூன்று வயது மூத்தவளானாள். பென் டிரைவ்கள் சபை முன்னிலையில் அழிக்கப்பட்டன. பொதுக் கோப்பும் பூட்டப்பட்டது.

மறுநாள் காலை சூர்யபிரகாஷ் போன் செய்தான். "சித்தப்பா, வீட்டு சிஸ்டத்துல ஒரு காப்பி இருக்கு. அத நீங்களே டெலீட் பண்ணிருங்க."

துரைக்கண்ணு கணினி முன்னால் உட்கார்ந்தார். எதை அழுத்துவதென்று தெரியவில்லை. மஸ்கட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தார்.

"என்னப்பா, எனக்கு மூணு வயசு கூடிருச்சாமே? சூர்யா மெசேஜ் போட்டிருக்கான். எங்க ஆபீஸ்ல சொன்னா சீக்கிரமே ரிடையர் பண்ணிருவாங்க" என்று சிரித்தாள் தர்மா.

"அழிக்கச் சொல்றான்மா."

"யார?"

"ஒங்க அக்காவ."

"அம்மா சொல்லியிருக்குப்பா" என்றாள். "எனக்குப் பன்னெண்டு வயசுலயே சொல்லிருச்சு. அப்பாகிட்டக் கேக்காதன்னு சொல்லுச்சு."

"ஒன் பேருதாம்மா அவளுக்கும்..."

"இல்லப்பா. அவ பேருதான் எனக்கு."

துரைக்கண்ணு தலையாட்டினார். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்திப் போய், மூத்தவளின் பக்கத்தைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. கீழே 'ஆதாரங்கள்' என்று ஒரு கட்டம். அதில் வள்ளியம்மை, பள்ளிப் பதிவேட்டில் எழுதுவதைப் போலச் சுத்தமாக எழுதியிருந்தாள்:

ஆதாரம் ஒன்று: நான்.
ஆதாரம் இரண்டு: அவர். இன்னும் கேட்கவில்லை.

"அப்பா, அழிக்கிற பட்டன் வலது பக்கம் மேல இருக்கு" என்றாள் தர்மா. "அதத் தொட்டுராதீங்க."

அவர் தொடவில்லை.

கும்பாபிஷேகத்தன்று நகல் ஒழிப்புக் குழுவின் நூல் ஆயிரம் பிரதிகள் வெளியிடப்பட்டது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இரட்டிப்புகள்: பூஜ்யம்' என்று இருந்தது. வகையறாவின் எண்ணிக்கை ஆயிரத்து நூற்று நாற்பதிலிருந்து தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாகக் குறைந்திருந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் எந்தக் கொள்ளைநோயும் சாதிக்காதது. நாற்பத்தோராம் பக்கத்தில் துரைக்கண்ணு – வள்ளியம்மை, மக்கள் ஒருவர்.

கலியபெருமாள் ஒலிபெருக்கியில் பேசினார். "இந்தப் பெருமை எங்க கமிட்டிக்கு மட்டும் சொந்தமில்ல. கம்ப்யூட்டர் வராத காலத்துலயே, நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே, ரெண்ட ஒண்ணாக்கிக் காட்டுன முன்னோடி ஒருத்தர் நம்ம நடுவுல இருக்காரு. நாங்க அவரு வழியிலதான் நடந்தோம். தம்பி துரைக்கண்ணு, மேடைக்கு வாய்யா!"

அதில் பொய் என்று ஒரு சொல்லும் கிடையாது. கைதட்டலுக்கு நடுவே துரைக்கண்ணு மேடையேறிக் குனிந்து அந்தக் குற்றச்சாட்டைத் தோளில் வாங்கிக்கொண்டார். பார்த்தவர்கள் அதைப் பொன்னாடை என்று நினைத்தார்கள்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். "மூத்தவ எம்பத்திரெண்டு கார்த்திகையில பொறந்தா. அடுத்த ஐப்பசியில போயிட்டா. அவளுக்குப் பல்லு மொளச்சிருந்துச்சு. கீழ ரெண்டு, மேல ஒண்ணு. வெரலக் குடுத்தா கடிப்பா. இத நான் சொல்றேன். அவ அப்பன்."

முன்வரிசையில் பிரகதீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சு முடிந்ததென்று எண்ணி யாரோ கைகாட்ட, மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். குழுவின் குறிப்பேட்டில், 'திரு. துரைக்கண்ணு தமது ஏற்புரையில் குழுவுக்கு நன்றி தெரிவித்தார்' என்று பதிவாகியிருக்கிறது. அதில் ஏழு பேரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன.

பல் மூன்றுதான்.