போனஸ் எதிர்ப்பும் ஒரு தலைவாழை இலையும்

முன்னால் இலை போட்டுவிட்டால் எனக்குக் கொள்கை மறந்துவிடும். இதை ஒத்துக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. ஊருக்கே தெரிந்ததை நான் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தேன். மூழ்க இருந்த கம்பெனியை அரசாங்கம் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. எங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. வந்த பணத்தில் அது கிடைக்கும் என்று காத்திருந்தோம். ஓணத்துக்கு முந்தின வாரம் விஷயம் கசிந்தது: மேலதிகாரிகள் போனஸ் எடுத்துக்கொண்டார்களாம். (எதற்கு? மூழ்கடித்ததற்குத்தான்!)

எல்லோரும் கேட்டில் திரண்டோம். நான்தான் பேச்சாளன். "நம்ம வரிப்பணத்துல போனஸ் வாங்கினவனுவ அதைத் திருப்பி வைக்கணும்! அதுவரைக்கும் இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது!" என்று முழங்கினேன். ஒரே கைதட்டல்.

கூட வேலை பார்த்த சரோஜம் அக்கா மட்டும் தட்டவில்லை. மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட அவளுக்கு அந்த வாரம்தான் கெடு. "பேச்சு கெடக்கட்டு மக்கா. உள்ள போயி சம்பளத்தக் கேட்டுட்டு வா" என்றாள்.

சம்பளப் பாக்கி கேட்டு எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். அங்கே அதிகாரிகளுக்கு ஓணச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. "வாங்க தம்பி, முதல்ல உக்காருங்க. பேச்சு எங்க ஓடிப்போகப் போகுது?" என்றார் மேனேஜர். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இலையில் எரிசேரி விழுந்துவிட்டது. (இலையில் விளம்பியதை விட்டுவிட்டு எழுந்தால் பாவமில்லையா?) மனுவை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரமாகியும் நான் வெளியே வரவில்லை. "அடிச்சுப் போட்டுட்டாவளோ?" என்று ஒருவர் கேட்டாராம். "பூட்டி வச்சிருக்கானுவ!" என்று இன்னொருவர் முடிவே கட்டிவிட்டார். "எங்கள் தோழரை விடு!" என்று கோஷம் போட்டுக்கொண்டு நூறு பேர் கதவைத் தள்ளி உள்ளே வந்தார்கள்.

தோழர் அடைப்பிரதமன் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தார்.

சரோஜம் அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. என் இலையைப் பார்த்தாள்.

"பாயசம் வரைக்கும் வந்தாச்சா மக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம். நான் பிரதமன் ஒழுகும் கையோடு மனுவைத் தேடினேன். அவளே அதை உருவி மேனேஜர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க சாரே. சம்பளத்துக்கு வழி சொல்லுற வரைக்கும் நாங்க பாத்துட்டு இருக்கோம்" என்று தரையில் உட்கார்ந்தாள். நூறு பேரும் உட்கார்ந்தார்கள். பசித்த நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு அதிகாரிக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் எழுத்தில் உறுதி கிடைத்தது. அந்த வாரமே சம்பளம் வந்தது, போனஸும் திரும்பியது. கேட்டில் ஒட்டிய நன்றி நோட்டீஸில் போராடின எல்லார் பெயரும் இருந்தது. என் பெயரைத் தவிர.

போன மாதம் சரோஜம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அவள் இப்போது நர்ஸ். பந்தியில் நான் பாயசத்தில் கை வைத்ததும் கோடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "ஏ பிள்ளையளே, தோழரைப் பூட்டி வச்சிருக்காவ, மீட்டுட்டு வாங்க!"

முதலில் எழுந்து வந்தது என் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும்தான்.