தலையணை உறை, பல்லி, காணாமல் போன கூடு

ஹாலோ ஃபோர்க், மான்டானா
நவம்பர் 9

மதிப்புக்குரிய லவோன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் ஹோபர்ட் நெஸ்விக் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. உங்கள் இடது முழங்கால் ஸ்போகேன் நகரக் குளிரைத் தாங்குகிறதா என்று ஆர்டிஸ் தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று நானும் தினமும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிறு தொலைபேசியில் நீங்கள் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. மாவட்ட நூலகத்தில் முப்பத்தொரு வருடம் புத்தகங்களுக்கு அட்டவணை அட்டை எழுதியவனுக்கு, எதையும் வரிசைப்படுத்திய பிறகுதான் வாய் திறக்கும். உங்கள் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியில் உங்களுக்கும் பாதி உரிமை உண்டு. ஆர்டிஸ் வீட்டில் தோட்டா தயாரிப்பதை நிறுத்த வேண்டும், இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு முன் துப்பாக்கியை எங்கள் ஊர் டுவேன் ஸ்காருக்கு விற்றுவிட வேண்டும் என்கிறீர்கள். தயவுசெய்து விற்க வேண்டாம் என்று கேட்கவே இந்தக் கடிதம். என் வாதங்கள் வருமாறு:

1. எங்கள் வீடு வெடிக்காது.
2. செலவு மிகக் குறைவு.
3. நீங்கள் பூத்தையல் போட்டுக் கொடுத்த தலையணை உறைக்கு நேர்ந்ததற்கு ஆர்டிஸ் பொறுப்பல்ல.
4. டுவேன் ஸ்கார் ஒரு திருடர். திருடருக்கு அப்பாவின் துப்பாக்கியை விற்கக் கூடாது.
5. அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற கை ஆர்டிஸின் கைதான்.

ஒன்று, இரண்டு, ஐந்து பற்றி எனக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. மூன்று சங்கடமானது. நான்காவதைப் பற்றி மட்டும் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வாழ்க்கையில் இத்தனை நிச்சயத்தோடு நான் எதையும் எழுதியதில்லை.

செலவிலிருந்து தொடங்குகிறேன், வெடிப்பது கொஞ்சம் காத்திருக்கட்டும். அப்பாவின் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய காலுறை இழுப்பறையில் கடைசியாக ஒரு பெட்டி இருந்தது, இருபது தோட்டாக்கள், அவற்றையும் ஆர்டிஸ் சுட்டுத் தீர்த்துவிட்டாள். சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை எடுத்து, பழைய அளவுக்கு அழுத்தி, பின்னால் அடித்தால் தீப்பொறி தரும் புதுக் கேப்பு பொருத்தி, வெடிமருந்து போட்டு, வாயில் புதுக் குண்டை அமுக்கினால் மறுபடியும் தோட்டா ஆகிவிடும் என்று நான் ஒரு புத்தகத்தில் படித்து, வாய் தவறி ஆர்டிஸிடம் சொல்லிவிட்டேன். அவள் உடனே, "அவ்வளவுதானா? ரப்பர் பாண்டையும் கம்பியையும் வச்சு இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். இருபது கூடு இருந்தா இந்தத் துப்பாக்கி என் ஆயுசுக்கும் போதும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். புதிதாக வாங்குவதற்கு எங்கள் ஓய்வூதியம் இடம் தராது. லூத்தரன் சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில் துருப்பிடித்த இரும்பு பிரஸ் ஒன்று, 'ஆப்பிள் நசுக்கி' என்று சீட்டு ஒட்டப்பட்டு, ரொட்டிப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. பாதிரியாரின் மனைவி, "இதுல ஆப்பிள் எப்படி வைக்கறதுன்னுதான் யாருக்கும் புரியல ஆர்டிஸ்" என்றார். ஆர்டிஸ் கண் சிமிட்டாமல், "சின்ன ஆப்பிளா வைக்கணும்" என்று சொல்லி மூன்று டாலரை நீட்டினாள். வினிகரில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தாள். பிரஸ்ஸில் கூட்டை அளவுக்கு அழுத்தும் அச்சுகளை ஒரு பண்ணை ஏலத்தில், உடைந்த கடிகாரங்கள் நிறைந்த பெட்டியோடு சேர்த்து வாங்கினாள். கடிகாரங்களைச் சரிசெய்து விற்று, அச்சுகளுக்கு ஒன்றும் செலவாகவில்லை என்று நிரூபித்தாள். குண்டும் மருந்தும் கேப்பும் மட்டும் கடையில் வாங்கியவை. அதற்கான காசு அவள் ருபார்ப் தண்டில் செய்து விற்ற ஜாமிலிருந்து வந்தது. பிரஸ்ஸை எதன்மேல் பூட்டுவது என்று கேட்டபோது அவள் பார்வை நூலக அட்டைகள் வைக்கும் என் ஓக் மரப் பெட்டகத்தின்மேல் விழுந்தது. நூலகம் வெளியே எறிந்தபோது நான் கண்ணீரோடு வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டகம் அது. அவள் துளை போட்டாள். எனக்குள்ளும் ஒரு துளை விழுந்தது. ஆனால், லவோன், அந்தக் கைப்பிடியை அவள் முதன்முதலில் கீழே இறக்கியபோது பெட்டகம் அசையவே இல்லை. அந்த மரம் முப்பது வருடம் காத்திருந்தது என் அட்டைகளுக்காக அல்ல என்று அன்று தோன்றியது.

இனி தலையணை உறை. கூடுகள் கரி பிடித்திருந்தன. "ஒரு பழைய தலகாணி உறையில போட்டுக் கட்டி வாஷிங் மெஷின்ல விடு" என்றாள் ஆர்டிஸ். நான் எதையும் கண்ணால் பார்த்துப் பழையது என்று முடிவு செய்கிறவனல்ல. வீட்டில் உள்ள உறைகளை எல்லாம் வந்த தேதிப்படி அடுக்கினேன். மிகப் பழையது எங்கள் நாற்பதாவது மணநாளுக்கு நீங்கள் நீலப் பூப் போட்டுக் கொடுத்ததுதான். வெளியே வந்தபோது கூடுகள் ஓரளவு சுத்தமாக இருந்தன, பூக்கள் சாம்பல் நிறமாக இருந்தன, ஒரு பூவின் நடுவில் ஓட்டை, இயந்திரம் நின்றுபோயிருந்தது. ஆர்டிஸ் என்னைத் திட்டவில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துவிட்டு, நாங்கள் ஐஸ்கிரீம் கடைகிற பழைய மோட்டார் வாளியில் வால்நட் ஓட்டுத் தூளும் கூடுகளும் போட்டு இரண்டு மணி நேரம் சுழலவிட்டாள். தங்கம் மாதிரி மின்னின. (நன்றி நாளுக்கு நீங்கள் வரும்போது ஐஸ்கிரீம் கடையில் வாங்கியதாக இருக்கும், பயப்பட வேண்டாம்.) அந்தத் தூள் மலிவாகக் கிடைப்பது வளர்ப்புப் பிராணிக் கடையில், பல்லித் தொட்டியில் பரப்புவதற்காக. வாங்கப் போனவன் நான். கடைக்காரப் பெண்மணி, "என்ன பல்லி வச்சிருக்கீங்க?" என்று அன்பாகக் கேட்டார். தோட்டா என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. "நடுத்தரமானது" என்றேன். "பேர் என்ன?" என்றார். "ஹென்ரிக்" என்றேன், அது என் அப்பாவின் பெயர். இப்போது நான் போகும்போதெல்லாம் ஹென்ரிக்கின் பசி பற்றி விசாரிக்கிறார், போன வாரம் ஒரு டப்பா உயிருள்ள வெட்டுக்கிளிகளை இலவசமாகக் கொடுத்தார், மறுக்கத் தெரியாமல் வாங்கி வந்தேன், அவை இப்போது சலவை அறையில் பாடிக்கொண்டிருக்கின்றன. செலவுக் கணக்கில் இவற்றை நான் சேர்க்கவில்லை.

வீடு வெடிப்பது பற்றி. நீங்கள் மூன்று முறை அழைத்தும் ஆர்டிஸ் தொலைபேசியை எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அவள் தராசில் வெடிமருந்து நிறுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் யாரோடும் பேசமாட்டாள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். புத்தகத்தில் உள்ள அளவுக்கு மேல் ஒரு துகள் போகாது. மூன்றாவது முறை மணி அடித்தபோது நான் எடுத்து "ஹலோ" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பதினோரு கூடுகளிலிருந்தும் மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். "அக்காகிட்ட சொல்லு, நான் உயிரோட இருக்கணும்னுதான் போன் எடுக்கலன்னு." பஸ்ஸில் நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு ரயில் பாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தவள் அல்லவா, அதே முகம். கடைசியில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. மூன்று தடவை பார்ப்பேன். நான்காவது தடவை பார்க்கட்டுமா என்று கேட்டால் அவள் சிரிக்கமாட்டாள், "பாரு" என்பாள். என் பயத்துக்கு இந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

இப்போது நான்காவது குறிப்பு. அக்டோபர் நடுவில், சரளைக் குழிக்குப் பின்னால் இருக்கும் சுடுதளத்துக்கு, இருபது தோட்டாக்களையும் சோதிக்கப் போனோம். ஒவ்வொன்றின் கூட்டிலும் நான் அழியா மையால் எண் போட்டிருந்தேன். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: சுட்டவர் எழுந்து போன பிறகு தரையில் கிடக்கும் கூடுகள் பொறுக்குகிறவருக்குச் சொந்தம், அவர் உட்கார்ந்திருக்கும்போது குனிந்தால் அது சர்ச் உண்டியலுக்குள் கையை விடுவதற்குச் சமம். டுவேன் ஸ்கார் அங்கே எப்போதும் வாளியோடு குனிந்தே நடப்பார். அவர் முகத்தைவிட முதுகைத்தான் ஊரில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். ஆர்டிஸ் முதல் தோட்டாவைச் சுட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் ஏதோ சொன்னாள், கையில் ஏதோ சுட்டது, பயம் வந்தால் போட்டுக்கொள்ளும் இருமல் மிட்டாயைத் தேடினேன், அடுத்த சில நிமிடங்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. கண் திறந்தபோது அவள் சுட்டுக்கொண்டே இருந்தாள். நூறு கஜத்தில் காப்பி டப்பா மூடி அளவு வட்டத்துக்குள் இருபது ஓட்டைகள். கூடுகளை எண்ணினோம். பத்தொன்பது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியவற்றில் ஒன்று போய்விட்டது.

"டுவேன், வாளியக் கொட்டு" என்றாள் ஆர்டிஸ்.

"என்னம்மா இது, ஸ்கூல் பஸ்ல பையச் சோதிக்கற மாதிரி?"

"நான் இன்னும் எழுந்திருக்கல. நீ குனிஞ்ச."

"நான் எப்பவும் குனிஞ்சுதான் இருக்கேன். நிமிர்ந்தா இடுப்பு பிடிச்சுக்குது. என்ன லைப்ரரி, நீயாவது சொல்லேன்?"

லைப்ரரி என்பது நான். கூடுகளை மறுபடி எண்ணினேன். அவர் வாளியைக் கொட்டினார். எங்கள் கூடு அதில் இல்லை. "அப்ப பாக்கெட்ல இருக்கு" என்றாள் ஆர்டிஸ். "பாக்கெட்ல என் பல்செட்தான் இருக்கு, பாக்கறியா?" என்றார் டுவேன். பார்க்கவில்லை.

இது மட்டும் என்றால் எனக்குச் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் நான்கு நாள் கழித்து எங்கள் வாசலில் ஒரு காப்பி டப்பா இருந்தது. உள்ளே அதே அளவுக் கூடுகள் பதினான்கு, டுவேனின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'என் தம்பி துப்பாக்கிக்கு உரியவை. இப்போது துப்பாக்கியும் இல்லை, தம்பியும் இல்லை.' ஆர்டிஸ் சீட்டை இரண்டு முறை படித்தாள். "பாத்தியா ஹோபர்ட்! மனசாட்சி உறுத்துது அவனுக்கு." நானும் அப்படியே முடிவு செய்தேன். துப்பாக்கியை வாங்க உங்களிடம் விலை பேசிய ஆளே அதன் கூட்டைத் திருடுகிறார் என்றால், தோட்டா இல்லாமல் அதைப் பட்டினி போட்டு மலிவாக வாங்கத்தானே? டப்பாவை மறுபடி மூடி அலமாரியில் வைத்து, 'சாட்சியம்' என்று அட்டை ஒட்டினேன்.

கடைசியாக ஐந்து. போன சனிக்கிழமை எல்க் மான் வேட்டைக்கு ஆர்டிஸ் அனுமதிச் சீட்டோடு புல்வெளி ஓரம் போனாள். எழுபத்தொரு வயது. நான் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தேன். முதல் குறி தவறினால் இரண்டாவது வரும். வரவில்லை. வெகுநேரம் கழித்து வேலியோரம் நடந்து வந்தாள், கூட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒண்ணே போதுமா இருந்தது" என்றாள். நான் அவளைத் திருமணம் செய்து நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது. இவ்வளவு உயரமானவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறைச்சியில் பாதி உங்களுக்கு, பொட்டலம் கட்டி உறையவைத்திருக்கிறோம்.

ஆகவே விற்க வேண்டாம், லவோன். குறிப்பாக டுவேனுக்கு வேண்டாம். இதை எழுதுவதற்கே எனக்கு ஒரு இருமல் மிட்டாய் தேவைப்படுகிறது. இன்று குளிர் அதிகம் என்று சுடுதளத்துக்குப் போட்டுப்போன கோட்டை அன்றைக்குப் பிறகு இன்றுதான் எடுத்து மாட்டியிருக்கிறேன். பையில் பழைய மிட்டாய் டப்பா இருக்கிறது, ஆட்டினால் ஒன்றே ஒன்று உருள்கிறது. கடிதம் முடித்ததும் பரிசாக எடுத்துக்கொள்வேன். உங்கள் முழங்காலுக்கும், உங்கள் பூனைக்கும், பக்கத்து வீட்டு ஓல்சன் தம்பதிக்கும் எங்கள் அன்பு. கடவுள் உங்களுக்கு வெதுவெதுப்பான குளிர்காலத்தைத் தரட்டும்.

மரியாதையுடன்,
ஹோபர்ட்

பின்குறிப்பு: டப்பாவைத் திறந்தேன். மிட்டாய் இல்லை. எண் 1 இருந்தது.

இதை மறுபடி மூடிவிட்டுக் கடிதத்தைத் தபாலில் போடலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு ஆர்டிஸிடம் காட்டினேன். அவள் கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"நீதான் பிடின்னு குடுத்திருப்ப. சூடா இருந்திருக்கும். டப்பாவுல போட்டிருப்பேன்."

"மூணு வாரமா அந்த மனுஷனப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன் ஹோபர்ட்."

"நானும்தான்."

"நீ எல்லாரையும் பாத்துத் திருப்பிப்ப, அவனுக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. கோட்ட எடு. ஓ, போட்டுத்தான் இருக்கியா. வா."

டுவேன் வீட்டு வாசலில் ஆர்டிஸ் கூட்டை நீட்டி, "உன்னத் திருடன்னு சொன்னேன். தப்பு" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். "எடுத்திருப்பேன்மா, பொய் சொல்லல. கண்ணுல படல, அவ்வளவுதான்" என்றார். அப்புறம் என்னிடம், "லவோன் இன்னும் விக்கறாளா, லைப்ரரி?" என்று கேட்டார். யோசிக்காமல் "ஆமாம்" என்றேன். ஆர்டிஸ் என் காலை மிதித்தாள். டுவேன் வெகுநேரம் கூட்டை உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த இருபது ஓட்டைகளையும் அவர்தான் குனிந்து பார்த்தாராம். "வாங்கிட்டா தோட்டாவுக்கு எங்க போவேன்? இந்த மாதிரி செய்யற ஆளு மூணு மாவட்டத்துல இவ ஒருத்திதான். மறுபடி இவ வாசல்லதான் வந்து நிக்கணும். அதுக்குத் துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும். லவோன்கிட்ட நான் வாங்கலன்னு எழுதிடு. கொஞ்சம் எல்க் கறி குடுத்தீங்கன்னா போதும்."

கொடுத்துவிட்டோம். உங்கள் பங்கிலிருந்து, ஃப்ரீசரில் எங்களுடையது அடியில் இருந்தது. காப்பி டப்பாவிலிருந்து என் அட்டையைக் கிழித்துவிட்டேன். அந்தப் பதினான்கையும் ஆர்டிஸ் நாளை ஐஸ்கிரீம் வாளியில் போடுகிறாள்.

இனி துப்பாக்கி உங்கள் விருப்பம். நான்காவது குறிப்பு தவறு, லவோன். திருடர் எவரும் இல்லை, கண்ணை மூடிக்கொண்ட கிழவன் ஒருவன்தான். தயவுசெய்து அந்தக் குறிப்பைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். சந்தேகத்தோடு எழுதிய நான்கும் நிற்கின்றன. நிச்சயமாகத் தெரியும் என்று எழுதியது அந்த ஒன்றுதான்.